மல்லிகைச் சரத்தோடு ஒரு ஹாலிவுட் நடிகை

இன்று முருகன் படத்துக்குக் கண்ணாடி மாற்ற பிரிக்ஃபீல்ட்ஸ் படக்கடைக்குப் போனேன்.

சாமி படங்களுக்கு நடுவே, கன்னியாஸ்திரி வேடத்தில் ஒரு பழைய ஹாலிவுட் நடிகையின் படம்! பொட்டு, மல்லிகைச் சரம் எல்லாம் வைத்திருந்தார்கள்.

டிவியில் அவர் படங்களைப் பார்த்துத்தான் நான் ஆங்கிலமே கற்றேன். சும்மா இருக்க முடியவில்லை.

“அண்ணே, இவங்க புனிதர் இல்ல, நடிகை. மூனு கல்யாணம், ஒன்னும் நிலைக்கல. தனியா நின்னு, வயசான காலத்திலயும் நடிச்சாங்க.”

கடைக்காரர் பதறிப்போய்ப் பூவை எடுக்கக் கை நீட்டினார்.

அந்தப் படத்தை வாங்க வந்திருந்த ஒரு ஆன்டி தடுத்தார். “பூவ எடுக்காதீங்க லா, பாஸ். இவ்ளோ பட்டவளுக்குத்தான் நம்ம கஷ்டம் புரியும். பேக் பண்ணுங்க.”

எனக்கும் அதே படம் ஒன்று வேண்டுமென்று கடையில் சொல்லிவைத்துவிட்டேன். சாமி அறையில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டலாமா, ஹாலில்தானா? சொல்லுங்கள்.