பின்பக்கமாய் ஓடும் உத்தியோகம்

பின்பக்கமாக ஓடுவதற்குச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. ஐஸ் ஹொக்கியில் பின்வரிசை வீரனாக இருப்பது அதில் ஒன்று. எதிரணிக்காரன் முன்பக்கமாகப் பறந்து வருவான். நாங்கள் அவனைப் பார்த்தபடியே பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அவன் கோல் போட்டால் அவனுக்குக் கைதட்டல், எங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மைனஸ் குறி.

நான் சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் பிறந்து வளர்ந்தவன். தமிழைச் சனிக்கிழமைப் பள்ளியில் படித்தேன், மிச்ச நாளெல்லாம் பனித்தளத்தில் கிடந்தேன். பத்தொன்பது வயதில் ஒரு பெரிய கழகம் என்னை முதல் அணிக்கு எடுத்தது. கழகத்தின் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சோறு. எடுத்தது என்றால், ஒரே ஒரு பருவத்துக்கு. பெப்ரவரி முடிவதற்குள் பயிற்சியாளருக்குத் திருப்தி என்றால் இரண்டு வருட ஒப்பந்தம். இல்லாவிட்டால் பாதியில் விட்டு வந்த எலெக்ட்ரீசியன் படிப்புக்குத் திரும்பிப் போய் வயர் இழுக்கலாம். இந்த நாட்டில் 'ப்ரோபெட்சைட்' என்கிற பரீட்சார்த்த காலத்தில் வியர்த்தவர்கள், விசாக் கடிதத்துக்காகத் தபால்பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று தரம் திறந்து பார்த்தவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சாமத்தியவீட்டில் விசாரணை

முதல் அணிக்குப் போன மாதமே ஓர்லிகோனில் ஒரு சாமத்தியவீடு, வயதுக்கு வந்த பெம்பிளைப் பிள்ளைக்குச் செய்கிற சடங்கு. என் அப்பா கிழமை நாட்களில் ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை. சனி, ஞாயிறில் நம்மவர்களின் கொண்டாட்டங்களுக்கு வீடியோ எடுப்பார். அன்றும் அவர்தான் காமெரா. நான் அவருடைய லைற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பாசலில் இருந்து வந்த மாமா என்னை மடக்கிப் பிடித்தார். பேப்பரில் படம் வந்ததாம், சந்தோசமாம். இதுவரை எத்தனை கோல் போட்டாய் என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றேன். அப்படியென்றால் நீதான் கோலைப் பிடிக்கிறவனோ என்றார். அதுவும் இல்லை, அது வேறு ஆள் என்றேன். மாமா கையிலிருந்த வடையைக் கடிக்காமல் கொஞ்ச நேரம் யோசித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் யோசித்தார்கள். நான் எதிரணிக்காரனை மறிக்கிறதைப் பற்றி, கோணங்களைப் பற்றி, இடைவெளியைப் பற்றி விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "கோலும் போடேல்லை, கோலும் பிடிக்கேல்லை. அப்ப நீ அங்க சும்மாவோ தம்பி நிக்கிறனீ?"

அப்பாவுக்கு இரண்டு நிமிடம்

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சுவிஸ் அலுவலகத்துக்காரருக்கு அது இல்லாமல் சரிவராது. ஆகவே தகப்பனின் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயர். என் சட்டையின் முதுகில், தோளுக்குத் தோள் இடம் போதாமல், 'கணேசலிங்கம்' என்று அப்பாவின் பெயர் வளைந்து கிடக்கும். என் பெயர் ரமணன் என்பது அணியில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். என்னைத் தாண்டிப் போன ஒருவனை வேறு வழி தெரியாமல் ஸ்டிக்கால் காலில் கொளுவி விழுத்தினேன். நடுவர் கையைத் தூக்கினார். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் ஒவ்வொரு எழுத்தாக மென்று துப்பினார்: கணேசலிங்கம், காலை இடறியதற்கு இரண்டு நிமிடம். எதிரணி ரசிகர்கள் அந்தப் பெயரைப் பாட்டாகப் பாடி, முடிவில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்தார்கள். நான் தண்டனைப் பெட்டிக்குள் குந்தியிருந்த அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினோம்.

அப்பா மேலே இருந்து எல்லாவற்றையும் கேட்டார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "முப்பது வருசமா ரிக்கெற் இல்லாமல் ட்ராமில கூட ஏறாத மனுசன் நான். இண்டைக்கு ஊர் பாக்க என்னை உள்ள போட்டிட்டாய்."

கத்தாத வாய்

பின்வரிசையில் இருவர் இருவராகத்தான் இறங்குவோம். என் ஜோடி ரெட்டோ. கிரவுபுண்டன் மலைக்காரர், முப்பத்தாறு வயது, முன்பல் இரண்டு செயற்கை. எங்கள் வேலையில் கால் பாதி, தொண்டை பாதி. ஒருவன் வட்டை எடுக்கத் திரும்பும்போது அவனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று மற்றவன் கத்த வேண்டும். வட்டு என்றால் பந்துக்குப் பதிலாக நாங்கள் அடிக்கிற கறுப்பு ரப்பர் துண்டு.

எனக்குக் கத்த வரவில்லை. தொண்டையில் குறையில்லை, வளர்ப்பில்தான் வில்லங்கம். வீட்டில் என்னைவிட நாலு வயது கூடியவனையே 'அண்ணை' என்றுதான் கூப்பிட வேண்டும். இந்த மனுசன் என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர். அவரைப் பார்த்து 'டேய் ரெட்டோ, இடப்பக்கம்' என்று எப்படி அலறுவது? ஒருநாள் அவர் மூலையில் குனிந்து வட்டை எடுக்கப் போனார். பின்னால் தொண்ணூற்றைந்து கிலோவில் ஒருவன் வருவதை நான் தெளிவாகப் பார்த்தேன். எப்படிக் கூப்பிடலாம் என்று மனதுக்குள் மரியாதையான சொல்லொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் ரெட்டோ கண்ணாடிச் சுவரில் அப்பளமாகிவிட்டார்.

விலா எலும்புக்கு ஐஸ் பை கட்டிக்கொண்டு படுத்திருந்தவரிடம் போய், பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் மூச்சுவிடக் கஷ்டப்பட்டுக்கொண்டே சொன்னார்: "என்னில் உனக்கு உண்மையாக மரியாதை இருந்தால், அடுத்த முறை என் தாயையும் சேர்த்துத் திட்டிக் கூப்பிடு."

அம்மாவின் ஆலோசனை

எதிரணி அடிக்கிற வட்டுக்குக் குறுக்கே விழுவதும் எங்கள் வேலைதான். அதில் ஒன்று என் தொடையில் பட்டு, கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வட்டம் வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். இல்லை, கணக்காகக் கேள்வி கேட்டார். யார் அடித்தது, நீ எங்கே நின்றாய், உனக்குப் பின்னால் யார் நின்றது. கோலைப் பிடிக்கிற கோலி நின்றான் என்றேன். தொலைக்காட்சியில் அவனைப் பார்த்திருக்கிறார். எண்ணெயைச் சூடாக்கித் தொடையில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "அவன் மெத்தையளைக் கட்டிக்கொண்டு அதுக்கெண்டே நிக்கிறான். நீ விலத்தி அவனிட்ட விடன், மோனே."

ரோஜா இதழும் நானும்

ஜனவரியில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம், மூன்று கோல், மூன்றும் என் முதுகுக்குப் பின்னால் நின்றவன் போட்டது. பயிற்சியாளர் என்னை வெளியே உட்கார வைத்தார். அவர் பின்லாந்துக்காரர், ஒரு கிழமைக்குப் பத்து வசனம் பேசினால் அதிகம். நீ வட்டையே பார்க்கிறாய், ஆளைத் தவறவிடுகிறாய் என்றார். நான் தோளுக்கு மேலால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன் என்று அடித்துச் சொன்னேன். கழகத்தின் காமெரா கூரையில் இருக்கிறது. அதில் நான் ஓர் எறும்பு. எறும்பின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று யாருக்குத் தெரியும்? ஒப்பந்தம் கைநழுவிப் போகிற பயத்தில் வாயைவிட்டேன். என் அப்பா எல்லா ஆட்டத்தையும் கிட்டத்தில் எடுத்து வைத்திருக்கிறார், கொண்டுவந்து காட்டவா என்று கேட்டேன். கொண்டுவா என்றார்.

அப்பாவுக்கு அப்போது ஹொக்கி தெரியாது, சாமத்தியவீடு தெரியும். பெம்பிளை காமெராவை விட்டு ஒரு கணமும் வெளியே போகக் கூடாது என்பது அவர் தொழிலின் சட்டம். அதன்படி ஆட்டம் முழுக்க என்னை மட்டுமே எடுத்திருந்தார். வட்டு எங்கே, எதிரணி எங்கே, ஒன்றும் தெரியாது. அதோடு விட்டாரா? பயிற்சியாளருக்குப் போகிற வீடியோ என்று தெரிந்ததும் ஒரு ராத்திரி முழித்திருந்து எடிற்றிங் வேறு செய்துவிட்டார். அது எனக்குத் தெரியாது.

வீடியோ அறையில் விளக்கை அணைத்தார்கள். நாதஸ்வரம் தொடங்கியது. திரையின் மேலிருந்து ரோஜா இதழ்கள் கொட்ட, ஓர் இதயத்துக்குள் ஹெல்மெற்றோடு என் முகம் சுழன்று வந்தது. ரெட்டோ விலாவைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அதற்குப் பிறகு வந்தது அதைவிட மோசம். நான் ஏமாறுகிற இடங்கள்தான் மகன் முகம் நன்றாகத் தெரிகிற இடங்கள் என்று அப்பா அவற்றை ஸ்லோ மோஷனில் போட்டிருந்தார். வட்டு போகிற பக்கமே என் தலை ஆணி அடித்ததுபோல நிற்கிறது. ஒரு தரம், ஒரே ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. சாட்சி சொல்ல நானே கூட்டிவந்த ஆள் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டார். பயிற்சியாளர் முழுவதையும் இரண்டு தரம் பார்த்தார். நாதஸ்வரத்தையும் நிறுத்தவில்லை. பிறகு சொன்னார்: "மூன்று மாதமாக நான் உனக்கு விளங்கப்படுத்த முயன்றதை உன் அப்பா விளங்கப்படுத்திவிட்டார். இனி ஒவ்வொரு ஆட்டத்தையும் எடுக்கச் சொல், பூ மட்டும் வேண்டாம்."

மேல்வரிசையில் ஒரு பயிற்சியாளர்

பாராட்டு அப்பாவின் தலைக்கு ஏறிவிட்டது. பின்வரிசை ஆட்டத்தைப் பற்றி இணையத்தில் கிடைத்ததெல்லாம் பார்த்தார். சலவை மெஷின் சுற்றுகிற நேரத்தில் கொப்பியில் படம் கீறினார். நான் ஒரு ஆட்டத்தில் எத்தனை தரம் தலை திருப்பினேன் என்று எண்ணி, சாப்பாட்டு மேசையில் அறிக்கை வாசித்தார். திரும்ப ஆட இறங்கிய அன்று மேல்வரிசையில் இருந்து "தம்பி, பின்னால பார்" என்று ஒரு குரல். மண்டபம் முழுக்க ஒருவருக்கும் விளங்காது, எனக்கு மட்டும் முதுகில் சுரீரென்றது. திரும்பினேன். நிஜமாகவே ஒருவன் நின்றான்.

வெட்கத்தில் எனக்கு உயிர் போனது. ஆட்டம் முடிந்ததும் ரெட்டோவிடம், அப்பாவை இனிக் கத்தவேண்டாம் என்று சொல்கிறேன், மன்னியுங்கள் என்றேன். அவர் அந்தக் கத்தலின் அர்த்தத்தை விசாரித்து அறிந்துகொண்டு, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னார்: "என் பெயரையும் அவருக்குச் சொல்லிக்கொடு, எனக்கும் இப்போது கழுத்து லேசில் திரும்புவதில்லை."

வெறும் பக்கம்

பெப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமை. அதுதான் என் பரீட்சை என்று எல்லோருக்கும் தெரியும். தலையைத் திருப்பித் திருப்பி எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கோல் வாங்கவில்லை, யாரையும் விழுத்தவில்லை, ரெட்டோவை மட்டும் தாய் தகப்பனோடு சேர்த்து ஆறேழு தரம் திட்டினேன். ஒன்றும் நடக்காத ஆட்டம். ஒன்றுமே நடக்காததால் எனக்கு நித்திரையும் வரவில்லை.

காலையில் பயிற்சியாளர் கூப்பிட்டார். ஆட்டத்துக்கு ஆட்டம் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பிழைகளை எழுதி வைக்கிற கொப்பி ஒன்று அவரிடம் உண்டு. முந்தின நாள் ஆட்டத்துக்கான என் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மேலே என் பெயர் இருந்தது, கீழே ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே ஒப்பந்தம். இரண்டு வருடம். கையெழுத்துப் போட்டேன். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. வெளியே வந்தபோதும் அவர் அங்கேயே நின்றார். "பிடித்துக்கொண்டது கழுத்துத்தானே, கால் இல்லையே? நாளைக்கு ஒன்பது மணிக்குப் பயிற்சி."

பிள்ளையைக் காணோம்

அன்று மத்தியானம் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. பாசல் மாமாவும் குடும்பத்தோடு வந்துவிட்டார். மகனுக்கு நிரந்தரம் வாங்கிக் கொடுத்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம். அப்பா காமெராவைத் தொலைக்காட்சியில் கொளுவினார். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்தோம்.

ஆட்டம் தொடங்கியது. படம் அபாரம். வட்டு இடப்பக்கம் போனால் காமெராவும் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். எதிரணியின் தாக்குதல், எங்கள் பதிலடி, கோலியின் பாய்ச்சல், எல்லாம் இருந்தது. ஒரு தரம் ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை தெரிந்தது. அது நான்தான் என்று சத்தியம் செய்தேன், மாமா நம்பவில்லை. அப்பாவுக்கு ஹொக்கி பிடிபட்டுவிட்டது. ஆட்டத்தின் சுவாரசியத்தில் மகன் இறங்கியிருக்கிறான் என்பதே மனுசனுக்கு மறந்து போய்விட்டது. அரை மணித்தியாலம் பார்த்த பிறகு அம்மா மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினார்: "என்னப்பா, எங்கட பிள்ளை நேற்று விளையாடவே இல்லையோ?"

ஒழுங்காக விளையாடிய பின்வரிசை வீரனைப் பெற்ற தகப்பனே பார்ப்பதில்லை என்பதால், இப்போதெல்லாம் யாராவது என்னைப் புகழ்ந்தால் எங்கே பிழைவிட்டேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.