பூனையின் மேல் ஒரு குற்றப்பத்திரிகை

பூனையின் கழிப்பறைக்கு வாஸ்து பார்த்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொல்லிக் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

இருபது வருடமாக, கிரகப்பிரவேசங்களுக்குப் போய் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை மென்றபடி அக்கினி மூலையையும் குபேர மூலையையும் கேலி செய்து வந்தவன் நான். அதைப் பற்றி இரண்டு கட்டுரைகள்கூட எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மனைவி காய்கறி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தொம்மலூர் வீட்டின் ஹால் நடுவே நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினேன். புத்தக அலமாரியின் மேலிருந்து பூனை பார்த்துக்கொண்டிருந்தது.

காரணம் பயம். எங்கள் அலுவலகத்தில் அப்போது ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். மிக்ஸிக்கும் மென்பொருளுக்கும் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது என் தொழில். யாரும் படிக்காததை எழுதுகிறவனைக் கழிப்பது சுலபம். மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து இருக்கைக்காரர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "சார், வீட்ல நார்த் ஈஸ்ட்ல டாய்லெட் எதாவது இருக்கா பாருங்க. ஈசானியத்துல அசுத்தம் இருந்தா வேலை நிக்காது" என்றார். நான் பலமாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கழிப்பறை ஈசானியத்தில் இல்லை. ஆனால் பூனையின் மணல் டப்பா அங்கேதான் இருந்தது, புத்தக அலமாரிக்குக் கீழே, வடகிழக்கு மூலையில், ஒரு டிகிரி பிசகாமல்.

கடையில் அதற்கு லிட்டர் பாக்ஸ் என்று பெயர். எங்கள் வீட்டில் மணல் டப்பா. பூனையை மனைவி கீழே பார்க்கிங்கில் ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் கண்டெடுத்தாள். ஆண் பூனை. வந்த முதல் நாளே அந்த டப்பாவைப் புரிந்துகொண்டு, மூன்று வருடம் ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் வாழ்ந்தான். நம் அடுக்குமாடிகளில் கார் நிறுத்துகிறவர்களிடம்கூட நான் அந்த ஒழுக்கத்தைப் பார்த்ததில்லை.

அந்தச் செவ்வாயன்று டப்பாவைத் தூக்கி, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் யுடிலிட்டியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது வாயு மூலை. அங்கே கழிவுக்கு அனுமதி உண்டாம். "ஹால்ல நாத்தம் அடிக்குது" என்று மனைவியிடம் ஒரு பொய் சொன்னேன். அவள் மூக்கை இரண்டு முறை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்று போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் என் லேப்டாப் பை ஈரமாக இருந்தது.

அதற்கு முந்தின நாள்தான் ஒரு வீடியோ கூட்டத்தின் நடுவே பூனையை நாற்காலியிலிருந்து பிடித்துத் தள்ளியிருந்தேன். ஆகவே விஷயம் எனக்குத் தெளிவாகிவிட்டது. இது பழிவாங்கல். நான்கு கிலோ எடையுள்ள, நான் சோறு போடும் ஒரு பிராணி, என்னை எதிரியாக அறிவித்திருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு எதிரிகள் கிடையாது. இருந்தவர்கள் எல்லோரும் என்னை மறந்துவிட்டார்கள். உள்ளுக்குள் ஒரு சுறுசுறுப்பு வந்ததை மறைப்பானேன்.

பதிலடி கொடுத்தேன். மேசையைச் சுற்றி ஆரஞ்சுத் தோலைப் பரப்பினேன். பூனைகளுக்கு அந்த வாசனை ஆகாது என்று எங்கோ படித்திருந்தேன். அது ஆரஞ்சுத் தோலைத் தாண்டி வந்து என் செருப்பை நனைத்தது. யுடிலிட்டியைத் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவினேன். அது வாசல் மிதியடிக்கு நகர்ந்தது. பழைய மணலைக் கொட்டிவிட்டு லாவெண்டர் வாசனை போட்ட மணலை வாங்கினேன். திறந்த டப்பாவுக்குப் பதில் மூடியும் ஆடுகதவும் வைத்த புது டப்பா வந்தது. அதற்குள் அவனைத் தலையைப் பிடித்து நுழைத்தபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியை ஒரு ஜெயில் வார்டன் புரிந்துகொள்வார். மறுநாள் என் தலையணை போயிற்று. என்னுடையது மட்டும். பக்கத்தில் மனைவியின் பக்கம் பாலைவனம் மாதிரி காய்ந்து கிடந்தது.

அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். கட்டம் போட்டு, குற்ற எண், கிழமை, நேரம், இடம், சேதம் என்று தலைப்பு எழுதினேன். நேர்மையாகவே எழுதினேன், கையேடு எழுதுகிறவனுக்கு அந்த ஒரு புத்திதான் உண்டு. "குற்றம் 7. புதன். காலை 8.40. தலையணை. உறை மட்டுமல்ல, பஞ்சு வரை." நான் மும்முரமாக எழுதுவதைப் பார்த்து மனைவி, "நாவலா?" என்றாள். "இல்ல, ஆதாரம்" என்றேன்.

பூனை பதினொன்றாம் குற்றத்தில் இருந்தபோது கீழ் வீட்டு ஓனரம்மா மாடியேறி வந்தார். மூன்று தலைமுறையாகத் தொம்மலூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம்; அவர் பேச்சில் தமிழ் எங்கே முடிகிறது, கன்னடம் எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியாது. வாசலிலேயே நின்று மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

"ஏன் சார் இது? படிக்கட்டு பூரா கப்பு. கணேசன் ஹப்பத்துக்கு எங்க பீகரு மனுஷாளெல்லாம் வர்றாங்க. சம்பந்தி வீடு சார். அவங்க மூக்குல இது பட்டா என் மானம் போயிடும். ஹப்பத்துக்குள்ள பூனைய அனுப்பிடுங்க. இல்லியா, நீங்க ஸ்வல்ப வேற வீடு பாத்துக்கங்க."

சதுர்த்திக்கு மூன்று வாரம் இருந்தது. மனைவி அன்று சாப்பிடவில்லை. பூனையை மடியில் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். "வீட்டை மாத்திடலாம்" என்றாள். மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில், இந்த வாடகையில் இன்னொரு வீடு என்பது நடக்கிற காரியமல்ல என்று அவளுக்கும் தெரியும்.

நானோ உள்ளூர மத்தளம் கொட்டினேன். தீர்ப்பு மேலிடத்திலிருந்து வந்துவிட்டது. என் கையில் கறை இல்லை. ஓசூரில் தெரிந்தவர் ஒருவருக்கு அரிசி கோடவுன் உண்டு, எலித் தொல்லையும் உண்டு. போன் செய்தேன். "அனுப்பு சார், எலிய புடிச்சுத் தின்னுட்டு கெடக்கட்டும்" என்றார். நாடு கடத்தல். எலி பிடித்து வயிறு கழுவும் கடுங்காவல் தண்டனை. சனிக்கிழமை கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டி ஊசி போட்டு அனுப்பணும். எலி கடிச்சா என்ன ஆகறது?"

வெள்ளிக்கிழமை மாலை போனோம். கூடையில் பூனை. என் கையில் நோட்டுப் புத்தகம். டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி, கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். ஊசியைப் பற்றி மனைவி சொல்லி முடிப்பதற்குள் அவர் பூனையின் அடிவயிற்றை இரண்டு விரலால் லேசாக அழுத்தினார். பூனை ஒரு சத்தம் போட்டது. மூன்று வருடத்தில் நான் கேட்காத சத்தம்.

"எத்தன நாளா இப்டி?" என்றார் டாக்டர்.

இதற்காகவே காத்திருந்தவன்போல நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். "எல்லாம் இதுல இருக்கு மேடம். பதினாலு சம்பவம். எல்லாமே என் மேல உள்ள கோவத்துல செஞ்சது."

அவர் புரட்டிப் பார்த்தார். "தமிழ் ஓதக்கே பரல்ல சார், பேசத்தான் வரும். மேடம், நீங்க படிங்க."

மனைவி அன்றுதான் அதை முதல்முறை பார்த்தாள். படித்தாள். "சனி, எட்டரை, லேப்டாப் பை. திங்கள், எட்டே முக்கால், செருப்பு. புதன், எட்டு இருபது, மிதியடி. சனி, எட்டரை..."

"ஒந்து நிமிஷ" என்று டாக்டர் கையை உயர்த்தினார். "திங்கள், புதன், சனி. எப்பவும் அதேதானா? அன்னிக்கு காலைல உங்க வீட்ல என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

மனைவி நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "காவேரி தண்ணி வர்ற நாள். போர் தண்ணில துணி பழுப்பாயிடும். அதனால அன்னிக்கு காலைலதான் மெஷின் போடுவேன்."

"மெஷின் எங்க இருக்கு?"

"யுடிலிட்டில."

"அவனோட பாக்ஸ்?"

"அதுக்குப் பக்கத்துலதான்" என்று சொல்லிவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள். பதினாலு வருடப் பழைய மெஷின் அது. பிழியும் நேரம் வந்தால் குதித்துக் குதித்து ஒரு சாண் தூரம் நடந்தே வரும். அதன் பக்கத்தில், மூடி போட்ட இருட்டு டப்பாவுக்குள், லாவெண்டர் நெடியில், காலைக்கடனுக்கு உட்கார்ந்திருப்பதை நான் முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

"முன்னாடி பாக்ஸ் எங்க இருந்துச்சு? ஏன் மாத்தினீங்க?"

"ஹால்ல இருந்துச்சு. நாத்தம்னு இவர்தான் மாத்தினாரு" என்றாள் மனைவி. "ஆனா அப்ப நாத்தமே இல்லயே. ஏங்க?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கூடையிலிருந்து மூன்றாவது ஆளும் பார்த்தான். சொன்னேன். ஈசானியம், திசைகாட்டி, தயிர்சாதம் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை.

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே பேசினார். "எங்க க்ளினிக் டாய்லெட்கூட நார்த் ஈஸ்ட்தான் சார். நல்லாத்தான் ஓடிட்டிருக்கு. இவனுக்கு மூத்திரப்பையில வீக்கம். பயந்து பயந்து அடக்கினா சிலதுக்கு இப்டி ஆகும். டப்பால போனா வலிக்குது, பக்கத்துல மெஷின் குதிக்குது. டப்பாதான் வலிக்க வைக்குதுன்னு நெனச்சுக்கறான். மெத்துனு வேற எடம் தேடறான். உங்க தலகாணி மெத்துனு இருக்கு. அஷ்டே, அவ்ளோதான்."

"என் தலகாணி மட்டும் ஏன்?" கடைசித் துரும்பு அது. அதை விட எனக்கு மனமில்லை.

மனைவிதான் பதில் சொன்னாள். "என்னோடத காலைல எந்திரிச்சதும் மடிச்சு அலமாரில வெச்சுடறேன். உங்களோடது மத்தியானம் வரைக்கும் அப்டியே கெடக்கும்."

ஓசூர் கோடவுனைப் பற்றி மெல்லிய குரலில் கேட்டேன். "இந்த நெலமைலயா?" என்றார் டாக்டர். "ஆம்பளைப் பூனைக்கு அடைச்சுக்கிட்டா ரெண்டு மூணு நாள்ல உயிரே போயிடும். கோடவுன்ல யார் பாப்பாங்க? முக்கிட்டே இருந்து சொட்டு வரலேன்னா ஒடனே தூக்கிட்டு வாங்க. மத்தபடி மருந்து, ஈரமான சாப்பாடு, நெறய தண்ணி. பினாயில நிறுத்துங்க, பூனைக்கு அது வெஷம்."

ஆட்டோவில் திரும்பும்போது மனைவி கூடையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். ஓசூர்க்காரருக்கு நான் போன் செய்து, எலிகளை அவரே பார்த்துக்கொள்ளும்படி சொன்னேன்.

அன்று மாலையே டப்பா பழைய இடத்துக்கு வந்தது. மூடியைக் கழற்றி எறிந்தேன். வாசனை இல்லாத பழைய மணல். படுக்கையறையில் இரண்டாவதாக இன்னொரு டப்பா, அதற்குத் திசை பார்க்கவில்லை. காலையும் மாலையும் அள்ளிக் கொட்டும் வேலை எனக்கு விதிக்கப்பட்டது. நனைந்த இடங்களில் பழைய வாடை மிச்சமிருந்தால் திரும்பவும் அங்கேயே போவான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைத் தின்று தீர்க்கும் ஒரு திரவம் வாங்கிவந்து, முழங்காலில் நின்று, தரையை முகர்ந்து முகர்ந்து ஊற்றினேன். குற்றப்பத்திரிகை அதற்கு மிகவும் உதவியது. இடங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. பை, செருப்பு, தலையணை மூன்றும் குப்பை வண்டியில் போயின.

முதல் வாரம் மூன்று விபத்து. இரண்டாம் வாரம் ஒன்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆனாலும் காவேரி வரும் நாளெல்லாம் மனைவி காலை எட்டு மணிக்கு டப்பாவின் பக்கத்தில் போய், தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவள்போல் நிற்பாள்.

சதுர்த்திக்கு முதல் நாள் ஓனரம்மா வந்தார். கையில் கடுபு, அதாவது நம் கொழுக்கட்டை, வைத்த தட்டு. ஆனாலும் முந்தானை மூக்குக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. ஹால், அறை, யுடிலிட்டி என்று முகர்ந்துகொண்டே ஒரு நடை நடந்தார். மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். கடைசியில் அலமாரிக்குக் கீழே டப்பாவையும் அதில் உட்கார்ந்திருந்தவனையும் பார்த்தார். அந்தரங்கமான நேரத்தில் வந்துவிட்ட கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பூனை இருக்கட்டும், விடுங்க" என்று தட்டை நீட்டினார். மனைவி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

எனக்கோ கணக்கு இன்னும் தீரவில்லை. பூனையின் மேலிருந்த வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேன். ஆனால் வழக்கு என்று ஒன்று நடத்திப் பழகியவனுக்குக் குற்றவாளி இல்லாமல் இருக்க முடியாது. தயிர்சாதக்காரர் இருந்தார். கழித்தது போக மிஞ்சிய எங்களுக்கு அலுவலகத்தில் இருக்கைகளை மாற்றியபோது, அவருக்கு ஆண்கள் கழிப்பறைக் கதவுக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது. நான் என் கைபேசியை எடுத்து, அவர் பார்க்கும்படி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினேன். "ஈசானியம் சார்" என்றேன். "ஒரு டிகிரி பிசகாம." அவர் அன்றைக்குத் தயிர்சாதத்தைப் பாதியில் மூடிவைத்தார். ஐம்பத்திரண்டு வயதில் கிடைத்த வெற்றிகளில் அதைத்தான் முதலாவதாக வைப்பேன்.

டிசம்பர் குளிர் வந்தது. ஒரு காலை சோபாவில் உட்கார்ந்து கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். பூனை வந்தான். என்னை ஒரு கணம் பார்த்தான். ஏறி, மடியில், லேப்டாப்பின் மேல் சுருண்டு படுத்தான். அவன் போட்ட குர்குர் சத்தம் என் தொடை வரை அதிர்ந்தது. சண்டை முடிந்து ராஜாக்கள் கட்டிக்கொள்வார்களே, அதுபோல அவனை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். மனைவியைக் கூப்பிட்டேன்.

"பாத்தியா. என்னை மன்னிச்சுட்டான்."

அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"மன்னிக்கறதாவது. அந்தக் கம்ப்யூட்டர் சூடா இருக்கு, அதுக்கு வந்திருக்கான். நீங்க எந்திரிச்சு அத சோபாலயே வெச்சுட்டுப் போங்க. மடி ஆடுதுன்னு அவனுக்குத் தூக்கம் வரல பாருங்க."