சைக்கிள் வாகனப் புறப்பாடு

போன வாரம் நான் சாமி ஆனேன். சாமியார் இல்லை — சாமி! காஞ்சிபுரத்தில் வைத்து ஆக்கிவிட்டார்கள்.

அங்கே ஒரு கல்லூரி. மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றம் 'குளோபல் வார்மிங்' விழிப்புணர்வுக்காகச் சைக்கிள் பேரணி நடத்துகிறது, நீங்கள்தான் சீஃப் கெஸ்ட் என்று போன் வந்தது. பேசியது மன்றச் செயலாளர் சந்தோஷ், மூன்றாம் ஆண்டு. எனக்கு ஏ.சி. கார் அனுப்பியிருந்தான். பூமி சூடாகிறது என்று பேசப் போகிறவர் வியர்த்து வழிந்துகொண்டு வரலாமா?

சின்ன காஞ்சிபுரத்தில் இறங்கினேன். தெரு நிறைய மாணவர்கள். பச்சை டி-ஷர்ட், பச்சைத் தொப்பி. எல்லோரும் பைக்கில்.

"சைக்கிள் எங்கேப்பா?" என்றேன்.

"நீங்க மட்டும் சைக்கிள்ல வந்தா போதும் சார். நாங்க பைக்ல கூட வந்துக்கினே இருப்போம்" என்றான் சந்தோஷ்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்த ஊர்வலம் சாமி புறப்பாடுதான். வாகனத்தில் ஏறுவது சாமி மட்டும். மற்றவர்கள் முன்னும் பின்னும் போவார்கள். பேரணி நடத்து என்றால் வேறு எப்படி நடத்துவார்கள், பாவம்!

சரி, அந்த ஒரு சைக்கிள்? அதையும் மறந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, முசரவாக்கத்திலிருந்து வகுப்புக்கு வந்துகொண்டிருந்த கலைவாணியை மடக்கினார்கள். அந்தக் கல்லூரிக்குத் தினமும் சைக்கிளில் வருகிற ஒரே ஆள்.

"கலை, ஒரு மணி நேரம் சைக்கிளைக் குடுமா. பூமிக்காக!" என்றான் சந்தோஷ்.

அவள் ஹேண்டில்பாரை விடவில்லை. "பத்திரமா பாத்துக்கோங்கண்ணா. இது போச்சுன்னா எனக்குக் காலேஜே இல்ல. எங்க ஊரு பஸ் எப்ப வரும்னு அந்த பஸ்ஸுக்கே தெரியாது. சைக்கிள் இருந்தா போ, இல்லன்னா வூட்டோட இருன்னு அப்பா சொல்லிக்கினு இருக்காரு."

நான் அப்போதே "வேண்டாம்ப்பா" என்றிருக்க வேண்டும். சொல்லவில்லை. போட்டோகிராபர் கேமராவைத் தூக்கிவிட்டாரே...

சைக்கிளுக்கு அலங்காரம் நடந்தது. முன்னால் பெரிய தெர்மாகோல் பூமி. மேலே பிடிக்கப் பச்சைக் குடை. என்னை ஏற்றினார்கள். என் எடை உங்களுக்குத் தெரியாததா? மிதிக்க விடவில்லை, நாலு பேர் தள்ளினார்கள். முன்னால் சரவெடி. பின்னால், மைக்குக்காக மினி லாரியில் டீசல் ஜெனரேட்டர். மண்டகப்படிக்குச் சாமி நிற்பது போலக் கடைக்குக் கடை நிறுத்தி எனக்கு மாலை, கூட்டத்துக்குத் தண்ணீர் பாக்கெட். உறிஞ்சிப் போட்ட பிளாஸ்டிக் உறைகள் தெருவெங்கும். "புகையை ஒழிப்போம்!" என்று மைக்கில் கத்தியவனுக்குப் புகையில் இருமல் வந்துவிட்டது.

கலைவாணி கேரியரில் கை வைத்தபடியே கூட நடந்தாள். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். அவள் கண் பின்சக்கரத்தை விட்டு நகரவில்லை.

"சார், கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க சார்" என்று கெஞ்சினாள். எங்கே தள்ளுவது? முன்னால் பூமி இருக்கிறதே!

ஒரு பள்ளம். படார்! வெடி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. வெடித்தது டயர். சக்கரமும் கோணிக்கொண்டது.

கல்லூரி மேடையில் பச்சை டி-ஷர்ட் போட்ட எல்லோருக்கும் 'பூமியின் காவலர்' சர்டிபிகேட், லேமினேஷன் செய்து. எனக்கும் ஒன்று, பட்டுச் சால்வையோடு. கலைவாணிக்கு? அவள் டி-ஷர்ட் போடவில்லையே!

திரும்பும்போது கார் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறாள். பூமி இன்னும் ஹேண்டில்பாரில் தொங்குகிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இறங்கி, காரை அனுப்பிவிட்டு நானும் ஒரு கை பிடித்தேன்.

சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "என்னாமா இது, ரிம்மே வளைஞ்சு போயிருக்குது! கோயில் யானை ஏதாச்சும் ஏறுச்சா?"

"இல்லண்ணா. சீஃப் கெஸ்ட்" என்றாள் கலைவாணி.

புது ரிம், புது டயர் — நானே போடச் சொன்னேன். வேலை முடிகிற வரை அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கக் கூடாதா? "நீ ஒருத்தியாவது பூமி மேல் அக்கறையாகச் சைக்கிளில் வருகிறாயே!" என்றேன்.

"அக்கறையெல்லாம் இல்ல சார். பஸ் இல்ல."

சக்கரத்தை இரண்டு தடவை சுழற்றிப் பார்த்தாள். நேராக ஓடியது. காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். பூமியை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். "இத நீங்களே வெச்சுக்கோங்க சார். கட்டிக்கினு மிதிக்க முடியாது. நாளைக்குக் காலையில முதல் பீரியடே டெஸ்ட் இருக்குது. வர்றேன் சார்!"

அந்தப் பேரணியில் சைக்கிளில் வீடு போய்ச் சேர்ந்தவள் அவள் ஒருத்திதான். காவலர் சர்டிபிகேட் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.