வாய்க்கு வராத ‘நீங்கள்’

பாரிஸின் லா சப்பலில் நான் மரக்கறி அடுக்கிய கடையின் முதலாளியை எல்லோரும் அண்ணை என்றார்கள். நான் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 2009-இல் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடம் ஒரு மனிதரைக் கூப்பிடாமலே அவரோடு வேலை செய்வது லேசான காரியமில்லை. “வெண்டிக்காய் முடிஞ்சுது.” “சாவி எங்கை இருக்குது?” எல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்வதுதான்.

காரணம் வெட்கக்கேடானது. அவருடைய தகப்பன் ஊரில் எங்கள் வளவில் வேலி அடைத்தவர், தேங்காய் பறித்தவர். எங்களைவிடத் தாழ்ந்த சாதி என்று நாங்கள் வைத்திருந்த ஆள். என் அப்பாவைவிட மூத்த அந்த மனிதரைப் பத்து வயதில் நான் ‘நீ’ என்றேன். வீட்டில் யாரும் திருத்தவில்லை. அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அவரோ பொடியனான எனக்கு ‘நீங்கள்’ போட்டார். கூடவே வரும் மகனும் அப்படியே. அந்த மகன்தான் இந்த முதலாளி.

பாரிஸிலும் அவர் அதை மாற்றவில்லை. மற்ற வேலையாட்களுக்கு நடுத்தர மரியாதையான ‘நீர்’, எனக்கு மட்டும் ‘நீங்கள்’. அது பழக்கமா, குத்தலா என்று யோசித்தே மண்டை காய்ந்தது. லண்டனில் இருந்த மச்சானிடம் புலம்பினால், “இங்கை ராணிக்கும் ‘யூ’தான், நாய்க்கும் ‘யூ’தான். வந்து சேரடா” என்று சிரிப்பான்.

பிறகு அங்கே தங்குவதற்கான விசா கார்ட்டுக்கு முதலாளியின் கடிதம் தேவைப்பட்டது. அது இல்லாவிட்டால் என்னை நாட்டுக்குத் திருப்பி அனுப்பலாம். ஒரு வாரம் பயந்து, கடைசியில் பிரெஞ்சில் கேட்டேன். அந்த மொழியின் ‘நீங்கள்’ ஆன ‘வூ’வை மரியாதையாகச் சொல்ல எனக்கு நாக்குக் கூசவில்லை.

அவர் பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: “பொலிஸ்காரன் மறிச்சு விசாரிக்கேக்கையும் ‘வூ’ எண்டுதான் சொல்லுறான். தமிழிலை கேளுங்கோ.”

“நீங்கள்... எனக்கு ஒரு கடிதம் தருவியளோ?”

சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா என்று இருந்தது.

அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். பிறகு தன் போனை எடுத்து ஊருக்கு அடித்தார். “அப்பா எப்பவும் உங்களை விசாரிக்கிறவர். ஒருக்காக் கதையுங்கோ.”

“தம்பி, நீங்கள் சுகமா இருக்கிறியளோ? சாப்பாடெல்லாம் சரியோ?” கிழவரின் குரலில் உண்மையான சந்தோஷம்.

“ஓம், சுகம்.”

பதிலுக்கு அதே கேள்வியை நான் கேட்க வேண்டும். மகனுக்குச் சொன்ன சொல் தகப்பனுக்கு வரவில்லை. கடிதம் ஏற்கெனவே என் சட்டைப் பையில் இருந்தது. இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

“அங்கை மழையோ?” என்றேன்.

“ஓம் தம்பி, நல்ல மழை.”

போனைத் திருப்பிக் கொடுத்தேன். முதலாளி என்னைப் பார்த்துவிட்டு மூட்டைக்குத் திரும்பினார்.

கார்ட் கிடைத்தது. அடுத்த வருடம் கிழவர் ஊரில் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க மகனிடம் போனேன். கையைப் பிடித்தேன்.

“உங்களோடை கதைச்சதை எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சவர்,” என்றார். “அவ்வளவு தூரத்திலை இருந்தும் தம்பி எங்கடை மழையை விசாரிச்சது எண்டு.”