விற்காத மீனின் எடை

எங்கள் பழுகாமத்தில் கேதீஸ்வரி நுழைந்து அடுப்பைப் பார்க்காத குசினி இல்லை. புள்ளிவிபர உத்தியோகத்தர். ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள், கையில் படிவக் கட்டு, வாய் நிறையக் கேள்வி. கோழி எத்தனை முட்டையிட்டது, வட்டை வயலில் வெட்டிய நெல்லில் வீட்டுக்கு எவ்வளவு வைத்தீர்கள், எல்லாம் வேண்டும் அவளுக்கு. விற்காமல் தின்றதும் நாட்டின் உற்பத்திதானாம்.

“நாங்க திண்டா நாடு வளருமா புள்ள?” என்று கேலி பண்ணுவேன்.

“ஓம் அண்ணன், நல்லாத் தின்னுங்க” என்பாள்.

போன மாசியில் அவளுக்குச் சோதனை வந்தது. வாவி மீனுக்கு அவள் அனுப்பிய தொகை மற்ற ஊர்களைவிட இரண்டு மடங்காம். வீட்டிலிருந்தே இட்டுக்கட்டி எழுதினாளோ என்று மேலிடத்துக்குச் சந்தேகம். விசாரிக்க மேலதிகாரி உதயரூபன் சேர் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிழையென்றால் அவள் எழுதிய அத்தனையையும் வெட்டிவிடுவார்கள், பெயரும் கெட்டுவிடும்.

சேர் முதலில் ஏறியது வாவியில் வலை போடும் என் வீட்டில்.

“நேற்று எவ்வளவு மீன் பிடிச்சீங்க?”

“மூணு கிலோ, சேர்.”

சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. வியாபாரி முனாஸ் நிறுத்துக் கொண்டுபோனது மூன்று கிலோதான். கறிக்கு எடுப்பதை எங்களில் எவன் கணக்கில் வைப்பான்?

படிவத்தில் என் பெயருக்கு நேரே நாளுக்கு ஏழு கிலோ என்றிருந்தது. சேர் பேனையைத் திறந்தார். அந்தப் பிள்ளையின் முகம் செத்துப்போயிற்று. ஐயோ, என்ன வேலை பார்த்தேன்!

அவள் என்னோடு வாதாடவில்லை. குசினிப் பக்கம் திரும்பி என் மனைவியைக் கூப்பிட்டாள்.

“இராசாத்தி அக்கா, நேத்து என்ன கறி?”

“மணலை மீன் குழம்பு, இறால் போட்டு முருங்கையிலைச் சுண்டல். மறுகா தங்கச்சி வீட்டுக்கு ஒரு கோர்வை மீன் குடுத்தன். மிச்சத்தக் கருவாட்டுக்குக் கீறி வெயில்ல போட்டிரிக்கன், வந்து பாருங்க.”

சேர் போய்ப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடையைக் கேட்டுக் கூட்டினார். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வந்தது; விற்ற மூன்றையும் சேர்த்தால் படிவத்தில் இருந்த ஏழு. மற்ற ஊர்களில் துறையடியில் நின்று ஆம்பிளைகளிடம் மட்டும் கேட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

“ஒண்டையும் வெட்டத் தேவையில்ல” என்று கையெழுத்துப் போட்டார். கேதீஸ்வரி விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது. சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இராசாத்தி விடவில்லை. “புள்ள, நான் ஆக்கினது எந்தக் கட்டத்துக்குள்ள வரும்?”

“அதுக்குக் கட்டம் இல்ல அக்கா. மீன் வரும், சமையல் வராது.”

“நல்ல கணக்குகா இது!” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “அப்ப இண்டைக்கு இவர் ஆக்கட்டும். நாட்டுக்கு ஒண்டும் குறையாதுதானே?”

சேர் வாய்விட்டுச் சிரித்தார். நான் கத்தியை எடுத்துக்கொண்டு மீன் வெட்டப் போனேன்.