பரமானந்தத்துக்கு ஒரு அர்ச்சனை

துப்பறியும் பரமானந்தம் நாவல்கள் அத்தனையும் படித்தவன் நான். பொய், என் பெயரைத் தாண்டி எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாம் காதால் கேட்டதுதான். இன்று பாசார் சந்தையில் கச்சாங் கடலை மடித்துக் கொடுத்த பழைய தாளின் ஈர வாசனை, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளுக்கு என்னை இழுத்துப் போனது. அங்கே மாலையில் குழாயடியில் பாக்கியம் அக்கா அந்த நாவல்களை உரக்க வாசிப்பாள். குடங்கள் நிரம்பி வழிந்தாலும் பெண்கள் நகரமாட்டார்கள், ரயில் கூவினால் மட்டும் கதை நிற்கும்.

ஒரு பாகத்தின் முடிவில் பரமானந்தத்தை ஆற்றில் தள்ளிவிட்டார்கள். அடுத்த பாகம் மதராஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், அவர் பெயருக்கு அர்ச்சனை கேட்டாள்.

"நட்சத்திரம் என்னம்மா?" என்றார் பூசாரி.

அம்மா என் தலையைத் தொட்டுக் காட்டினாள். "தெரியலையே சாமி. இவன் ரோகிணி. அதையே போட்டுடுங்க."

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம், என் நட்சத்திரத்தை வாங்கிக்கொண்ட பரமானந்தம் செத்தால் நானும் போய்விடுவேன் என்று. புத்தகம் வந்த அன்று அம்மா மடியில் சுருண்டுகொண்டேன். அக்கா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "உயிரோடதான் இருக்காருடி!" என்று கத்தினாள். ஆற்றிலிருந்து என்னையே தூக்கி எடுத்ததுபோல அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்கடுத்த பாகத்தில் அவருக்குக் கல்யாணம், அதற்கும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு...

"ஏங்க, மழை வருது, துணிய எடுங்கலா!"

பெண்டாட்டி கூப்பிடுகிறாள். போகிறேன்.