இடைவெளியில் நட்ட கன்றுகள்

கச்சான் காற்றில் காய்ந்த சவுக்குச் சருகு காலடியில் நெரியும் சத்தம் கேட்டால் இன்றும் நான் நின்று, எங்காவது புகை தெரிகிறதா என்று பார்ப்பேன். கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகு செட்டிபாளையத்துக் கரையில் எழுந்த சவுக்குத் தோப்பு அது. கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, காவல் காத்த பெண்களில் என் அம்மாவும் ஒருவர்.

ஒரு பாதியில் நெருப்புப் பிடித்தால் மறுபாதிக்குத் தாவாமலிருக்க, தோப்பின் நடுவே இரண்டு லொறி விலத்திப் போகும் அகலத்துக்கு நிலத்தை வெறுமையாக விடும்படி வன அதிகாரி சொல்லியிருந்தார். எங்கள் பெண்களுக்கோ நிலம் சும்மா கிடந்தால் கை அரிக்கும். "இவ்வளவு இடம் சும்மா கிடக்கு, மிஞ்சின கண்டெல்லாம் பையிலயே சாகுது" என்று அம்மா முன்னின்று அந்த "வெறுவெளி"யையும் கன்றுகளால் நிரப்பினார். அவற்றுக்குத் தண்ணீர் சுமந்தவள் நான். பத்து வயதில் குடம் இடுப்பில் நிற்குமா? பாதி பாவாடைக்கு, பாதி கன்றுக்கு. இரண்டு வருடத்தில் அவை என் உயரத்துக்கு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓர் ஆடி மாத மத்தியானம், தெற்கே யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு தோப்புக்குள் நுழைந்துவிட்டது. சருகைத் தின்றபடி அது வடக்கே வந்தது. வடக்குப் பாதியை ஒட்டித்தான் எங்கள் வீடுகள் இருந்தன. குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்குக் காணும்? அம்மா வெட்டுக்கத்தியோடு வெறுவெளிக்கு ஓடினார். நான் பின்னால் ஓடிக் கையைப் பிடித்தேன்.

"வெட்டாதங்கம்மா!"

"விடு மகள்! இதுகள் நிண்டா வீடு நிக்காது!"

என்னைத் தள்ளிவிட்டு வெட்டினார். மற்றப் பெண்களும் வெட்டினார்கள். கன்றுகளைக் கடற்கரைக்கு இழுத்துப் போட்டு, சருகை வாரி, அடிக்கட்டை தெரியாமல் மணலை அள்ளிக் கொட்டினோம். நானும் அழுதழுது அள்ளினேன். நெருப்பு மணல் விளிம்புவரை வந்து, தாவ வழியில்லாமல் அங்கேயே அடங்கியது.

மறுநாள் அதிகாரி வந்து பார்த்தார். "இடைவெளிய நல்லா விட்டிருக்கிறீங்க, அதாலதான் ஊர் தப்பினது" என்றார். அம்மா நிலத்தைப் பார்த்தபடி, "ஓம் ஐயா" என்றார். நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

அன்று தப்பிய வடக்குப் பாதி முற்றியதும், முறைப்படி வெட்டப்பட்டுக் கூரைக்கும் பந்தலுக்கும் கம்பாகப் போய்விட்டது. அந்த மரங்களில் ஒன்றுகூட இப்போது இல்லை. அங்கே புதிய கன்றுகள் நிற்கின்றன. கடைசி லொறி போனபோது அம்மா கலங்கவேயில்லை. கவலையில்லையா என்று கேட்டேன்.

"அது விளைஞ்ச மரம், வெட்டத்தானே நட்ட நாங்க" என்றார். வெறுவெளிப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "நான் வெட்டினது பச்சக் கண்டு, மகள்."